கறுப்பு மருதாணி

பெருநாள் இரவில் மருதாணியிட்டு உறங்கி, விடியலில் சிவந்த கையைக் கண்டு மகிழாத பெண்மக்கள் நம் இல்லங்களில் உண்டா? அச்சிவப்பைத் தருவது இலையிலுள்ள லாசோன் என்னும் நிறமி. தோலின் கெராட்டினைப் பற்றிக்கொண்டு, மேல்தோல் உதிர உதிர அது மறையும். செம்மையும் பழுப்புமே அதன் இயல்பு, கருமை அன்று.

விரைவில் கன்னங்கரேலெனப் பற்றும் 'கறுப்பு மருதாணி'க் கோன்களில் பெரும்பாலும் தலைச்சாயத்திற்குரிய பாராஃபினைலின்டையமின் கலந்திருக்கும். சென்ற பெருநாளில் என் தமக்கை மகளின் புறங்கை, இட்ட கோலத்தின் வடிவிலேயே கொப்புளித்தது. தழும்பு இன்னும் மறையவில்லை. அந்தக் கோனின் மேல் உட்பொருள் எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை! இவ்வொவ்வாமை ஆயுள் முழுதும் நீடிக்கலாம். பின்னாளில் தலைச்சாயம் பட்டாலும் சீறியெழும்.

தூய இலையும் எல்லோர்க்கும் ஏற்றதன்று. ஜி-6-பி-டி நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். ஆதலால் சேய்களுக்கு இடாதீர்கள், சகோதரிகளே. கோன் வாங்குவோர் விழுதைச் சிறிது பிதுக்கிப் பாருங்கள். பச்சை கலந்த பழுப்பின்றி மையெனக் கறுத்திருப்பின் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.