பாரதிக்குப் பாடபேதம் வேண்டாமா?

பல வருஷங்களுக்கு முன், லஸ் முனையில் நடைபாதையோரம் பரப்பி வைத்திருந்த பழைய புத்தகங்களுக்கிடையே, பாரதி பிரசுராலயத்தார் வெளியிட்ட கவிதைத் தொகுதி ஒன்று என் கைக்குக் கிடைத்தது. அட்டை கழன்று, ஓரங்கள் பொடிந்துபோயிருந்த அந்தப் பிரதியில், முன்னர் அதை வைத்திருந்த ரசிகர் எவரோ, இன்ன பாட்டு இன்ன பத்திரிகையில் இன்ன வருஷம் வெளிவந்தது என்று தாம் அறிந்த மட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அவருடைய சிரத்தை என்னையும் பற்றிக்கொண்டது. அன்று முதல் பாரதியின் பதிப்புகளைத் தேடிச் சேர்த்து வருகிறேன்.

தியாகராய நகர்ப் புத்தகக் கடை எதில் நுழைந்தாலும் பாரதியார் கவிதைகள் மலிவு விலையில் கிடைக்கும். 1949-இல் சென்னை அரசாங்கம் கவியின் நூல்களுக்குரிய உரிமையைப் பெற்று, பின்னர் அவற்றைப் பொதுவுடைமை ஆக்கியதன் நற்பயன் இது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் இந்தப் பதிப்புகளில் பெரும்பாலானவை பாடல்களைத் தேசிய கீதங்கள், தெய்வப் பாடல்கள் என்று பொருள்வாரியாக வகுத்துக்கொண்டு போகின்றன. சூரத் காங்கிரஸுக்கு முன் எழுந்த பாட்டும், 1917-இல் ஜார் வீழ்ந்த செய்தி கேட்டுப் பாடிய பாட்டும் ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்து நிற்க, இடையிலே கவி கடந்து வந்த பத்து வருஷங்களும், புதுவை வாசமும், அவருடைய மனத்தின் பரிணாமமும் வாசகரின் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றன.

இதன் நஷ்டத்தை மயிலாப்பூர்வாசிகள் எளிதில் உணரக்கூடும். 1907-இல், மிதவாதிகளில் முக்கியஸ்தரும் மயிலாப்பூர்ப் பிரமுகருமான வி. கிருஷ்ணசாமி ஐயர், தமக்கு அரசியலில் நேர் எதிரான தீவிரவாதக் கட்சியைச் சேர்ந்த இளைஞர் பாரதியின் பாடல்களைக் கேட்டு மனமுருகி, அவற்றுட் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மறு வருஷம் பாரதியே ‘ஸ்வதேச கீதங்கள்’ என்ற நூலை வெளியிட்டு, அதை நிவேதிதா தேவிக்குச் சமர்ப்பணம் செய்தார். ஐயர் பரப்பியவை எவை, கவி தாமே தொகுத்து வைத்த வரிசை யாது என்பவற்றை அறியாமல் அந்தப் பாடல்களைப் படிப்பது, பாதி கேட்ட கச்சேரியைப்போலவே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் குறையைப் போக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்கள் உண்டு. சுதேசமித்திரனில் புதைந்து கிடந்த எழுத்துகளைத் தேடியெடுத்துப் பெரியசாமித் தூரன் 1953-இல் ‘பாரதி தமிழ்’ தந்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பு வெளியிட்டது. இவற்றுக்கெல்லாம் சிகரமாக, சீனி. விசுவநாதன் பல பத்தாண்டுகள் உழைத்துத் தொகுத்த ‘கால வரிசையில் பாரதி படைப்புகள்’ 23 தொகுதிகளாக, மயிலாப்பூரிலுள்ள அல்லயன்ஸ் நிறுவனத்தின் பிரசுரமாக, 2024 டிசம்பர் 11 அன்று, கவியின் பிறந்த நாளில், வெளிவந்தது. அடுத்த வருஷம் அப்பெரியாருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விருதைக் கொண்டாடிய நாம் அந்தத் தொகுதிகளைப் பிரித்துப் படித்தோமா என்பதே என் கவலை.

பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கவலை எனக்கு மிகுகிறது. ஐயரவர்கள் 1887-இல் சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களை மறைக்காமல் காட்டி, ஐயமுள்ள இடங்களை ஐயமென்றே விட்டுவைத்த நேர்மையினால் அல்லவா அந்த நூல்களை நம்பிக் கையில் எடுக்கிறோம்? பழைய காப்பியத்துக்கு இத்தனை பரிசோதனை வேண்டுமென்று ஒப்பும் நாம், நேற்று வாழ்ந்த கவியென்பதனாலேயே பாரதிக்கு எந்த அச்சும் போதுமென்று எண்ணிவிட்டோம். அவரோ அடக்குமுறைக்குத் தப்பி அயலூரில் வாழ்ந்தவர். பத்திரிகைகளில் சிதறி எழுதியவர். 39 வயது நிறைவதற்குள் மறைந்தவர். ஏட்டுச்சுவடிக்கு நேர்ந்த விபத்துகளில் பல அவருடைய எழுத்துக்கும் நேர்ந்தன.

எல்லோராலும் 23 தொகுதிகளை வாங்க இயலாது. வாங்கினாலும் சென்னை வீடுகளில் வைக்க இடமிராது. ஆகையால், உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய அரசாங்கமே, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களின் கிளை நூலகங்களில் தொடங்கி ஊர்தோறும், இத்தொகுதிகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல், வாசகர் ஒவ்வொன்றாக வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கும்படி வாங்கி வைக்க வேண்டும்.