உதுவும் நல்ல தமிழே

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று காட்ட எத்தனை சுட்டுச் சொற்கள் வேண்டும்? இங்கே, அங்கே என்னும் இரண்டும் போதும் என்பர் பலர். ஸ்பானிய மொழி பேசுவோர்க்கு இரண்டு போதாது. பேசுபவர் அருகே உள்ள இடம் 'அக்கீ'. கேட்பவர் அருகே உள்ளது 'அஈ'. இருவருக்கும் அப்பாற்பட்டது 'அய்யீ'. பொருளைச் சுட்டும்போதும் அவ்வாறே 'எஸ்தே', 'எஸே', 'அக்கேல்' என மூன்று உண்டு. தோழியின் கையிலுள்ள பேனையை 'எஸே' என்றால் தேடவேண்டிய வேலை இல்லை.

இந்த நயம் தமிழுக்குப் புதிதா? அ, இ, உ என்னும் மூன்று சுட்டுகளைத் தொல்காப்பியமே கூறுகிறது. தமிழகத்தில் உகரச் சுட்டு பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வீடுகளிலோ அம்மம்மாவும் அம்மாவும் "உதை எடு", "உங்கை பார்", "உவர் ஆர்?" என்று இன்றும் பேசுகின்றனர். ஆயினும் கட்டுரையில் நாம் 'உது' என்று எழுதினால் அது சிவப்பு மையால் வெட்டப்படுகிறது! பட்டிக்காட்டுப் பேச்சாம். ஸ்பானிய மொழியில் இலக்கணம் என்று போற்றப்படுவது எமது வாயில் மட்டும் பிழையாவது எங்ஙனம்?

தமிழ் அறிந்தவருக்கு ஸ்பானிய மொழியில் வேறொரு வசதியும் உண்டு. ஆங்கிலம் படிக்கும்போது பெட்டிக்குள் இருந்தால் 'இன்', மேசைமேல் இருந்தால் 'ஒன்', வாசலில் நின்றால் 'அட்' என்று மனனம் செய்து களைத்துப் போகிறோம். ஸ்பானியர் மேசைக்கும் பெட்டிக்கும் வீட்டுக்கும் ஊருக்கும் 'என்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்கின்றனர். மேசையில், பெட்டியில், வீட்டில், ஊரில் என்று நாம் சொல்வதும் அப்படித்தானே.

'இரு' என்பதற்கு அம்மொழியில் 'ஸேர்', 'எஸ்தார்' என இரு வினைகள் உள்ளன. நிலையானதற்கு முன்னது, தற்காலிகமானதற்குப் பின்னது என்று பலரும் கற்பிக்கின்றனர். இது எமக்கு உடன்பாடன்று. மட்ரிட் நகரம் ஸ்பெயினில் இருப்பதற்கும் அந்தீஸ் மலை தென் அமெரிக்காவில் இருப்பதற்கும் 'எஸ்தார்' என்பதே வரும். மலை நாளைக்கு எழுந்து நடந்துவிடுமா? ஆளோ பொருளோ ஊரோ எங்கே இருக்கிறது என்றால் 'எஸ்தார்'. விழாவோ கூட்டமோ எங்கே நடைபெறுகிறது என்றால் 'ஸேர்'. இவ்வளவே. பிழையான விதியைக் கற்றுப் பின்னர் மறப்பதிலும் இதை முதலிலேயே சொல்லிக்கொடுப்பது நன்று.

ஸ்பானியரும் பேச்சிலே 'அஈ'யையும் 'அய்யீ'யையும் சில வேளைகளில் கலந்துவிடுவதுண்டு. ஆர்ஜென்டீனாவில் 'அக்கீ' என்பதிலும் 'அக்கா' என்பதே மிகுதியாய் வழங்குகிறது. (எங்கள் அக்காமார் கேட்டால் சிரிப்பர்!) அதற்காக அவர்கள் பாடநூலிலிருந்து ஒன்றையும் நீக்கிவிடவில்லை. நாமும் அதிகம் கேட்கவில்லை. உரையாடலாக எழுதும் பகுதிகளிலாவது 'உது', 'உங்கே', 'உவர்' என்று எழுத எமது ஆசிரியைகள் இடந்தர வேண்டும்.

பத்தாம் வகுப்பு மாணவி