ஒன்றும் இல்லாதவர்களுக்கான மாத்திரை

“எனக்குத்தான் ஒன்றும் இல்லையேப்பா, எதுக்கு மாத்திரை?” யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையை வீடு வீடாகக் கொடுத்த காலத்தில், கும்பகோணத்தில் என் பெரியம்மா கேட்டது இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மாத்திரை முக்கியமாக, ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான்.

யானைக்காலுக்குக் காரணமான, கொசுக்கடியால் உடம்புக்குள் வரும் ஃபைலேரியா புழு நிணநீர்க் குழாய்களில் தங்கி ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்கிறது. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். லட்சக்கணக்கில் குஞ்சுகளை ஈன்று ரத்தத்தில் விடும். இரவில்தான் அவை வெளி ரத்தத்துக்கு வரும் என்பதால் பரிசோதனைக்கு ராத்திரியில் வந்து ரத்தம் எடுப்பார்கள். இத்தனை பெரிய அந்நிய உயிர் உள்ளே இருந்தும் பலருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லையே, ஏன்?

காரணம், புழு நம் நோயெதிர்ப்பைத் தணித்து வைத்திருக்கிறது. சண்டை எல்லை மீறாமல் இருக்க, அதை அடக்கும் ஒருவகை டி செல்கள் நம்மிடமே உண்டு. புழு அவற்றைப் பெருகவிட்டு, இன்டர்லூக்கின்-10 என்ற தணிப்புப் பொருளையும் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அதனால்தான் ரத்தத்தில் குஞ்சுப் புழு நிறைந்தவருக்குக் கால் வீங்காமல் இருக்கும். கால் வீங்கியவரின் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுப் புழுவே இருக்காது. நோயை ஊருக்குப் பரப்புகிறவர் முதலாமவர். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அவருடைய நிணநீர்க் குழாய்களும் உள்ளுக்குள் பழுதாகிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தத் தணிப்பு புழுவோடு நிற்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சென்னையில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்க என்.ஐ.எச். அமைப்பும் சேர்ந்து நடத்திய ஆய்வுகளில், ஃபைலேரியா உள்ளவர்களிடம் காசநோய்க் கிருமிக்கு எதிரான டி செல்களின் வேகமும் குறைந்திருந்தது.

மாத்திரை போட்ட அன்று சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். “ஒத்துக்கலை” என்று மறு வருஷம் மறுத்துவிடுகிறார்கள். புழுக்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. மாத்திரையால் குஞ்சுகள் சாகும்போது அது ரத்தத்தில் சிந்த, அதுவரை அடங்கியிருந்த நோயெதிர்ப்பு கிளர்ந்தெழுகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

இலங்கையில் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் மாத்திரை கொடுத்தார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் யானைக்கால் அங்கே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அங்கீகரித்தது. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காய்ச்சல் வரலாம், இன்ன காரணத்தால் வரும் என்பதை மாத்திரையை நீட்டும்போதே சொல்லிவிட வேண்டும். என் பெரியம்மாவிடம் அதை யாரும் சொல்லவில்லை.