கல்லின் எடை எங்கே போயிற்று?

"சேலத்து வெள்ளைக்கல்லைச் சூளையிலிட்டால் எடை பாதிக்குமேல் குறைகிறதே, அணுக்கள் அழிந்தனவா?" என்று மாணவர் பலர் நம்மை வினவுகின்றனர். அழியவில்லை. மாக்னசைட் என்னும் அக்கல் சுத்தமானதாயின், 84 ராத்தலைச் சுட்டால் எஞ்சும் மாக்னீஷியா 40 ராத்தல். மற்ற 44 ராத்தலும் கரியமிலவாயுவாகப் பறந்துவிட்டது. கரி அணு ஒன்றும் பிராணவாயு அணு இரண்டும் சேர்ந்ததே அதன் மூலக்கூறு.

சுண்ணாம்புக் காளவாயிலிருந்து எழுவதும் இதே வாயுதான். நிறமில்லை, மணமில்லை, காற்றினும் ஒன்றரை மடங்கு கனம். ஆறியதும் பள்ளத்தில் தேங்கும். ஆகவே, குளிருக்கு இதமென்று காளவாய்ப் பள்ளத்தில் உறங்குவோர் மூச்சடைத்து மாளலாம். பாழுங்கிணற்றிலும் இது தேங்குவதுண்டு. இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தை நாம் நம்பலாகாது: எரிவாயு இருப்பின் அவ்விளக்கே வெடிக்குத் தீயிடும், வேறு நச்சுவாயு இருப்பின் சுடர் அணையாது எரியவும் கூடும்.