எம்ஆர்ஐ வழிகாட்டி, தீர்ப்பு அன்று

கையிலோ தொடையிலோ நெடுநாளாக இருக்கும் கட்டியை நம் பகுதியில் ‘கொழுப்புக் கட்டி’ என்றே பெரும்பாலும் அழைக்கிறோம். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆயினும் அவற்றுள் சில, நரம்பைப் போர்த்தியுள்ள உறையிலிருந்து தோன்றுபவை. கட்டியைத் தட்டும்போது நரம்பின் வழியே மின்னதிர்ச்சி போலச் சுரீரென்று பரவுமாயின், அது நரம்புறைக் கட்டியாக இருக்கக்கூடும். அவ்வாறு ஐயம் எழுந்த கட்டியை எம்ஆர்ஐ படம் எடுக்காமல் அறுக்கக் கூடாது என்பது எம் கருத்து. அறிக்கையிலுள்ள ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அஞ்சவோ அமைதியடையவோ கூடாது என்பதும் எம் கருத்தே.

நரம்புறைக் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ‘ஸ்க்வான்னோமா’ நரம்பின் ஓரத்தில் வளர்வதால், நரம்பைக் காத்துக் கட்டியை மட்டும் பிரித்தெடுக்கப் பெரும்பாலும் இயலும். ‘நியூரோஃபைப்ரோமா’ நரம்பிழைகளோடு பின்னிக் கிடக்கும். அரிதாகத் தோன்றும் புற்றுவகையையோ, சுற்றியுள்ள நலமான திசுவையும் சேர்த்து அகற்ற வேண்டும். எது என்று அறியாமல் அறுத்தால், தீங்கற்ற கட்டிக்காக ஒரு நரம்பையே இழக்க நேரிடலாம். புற்றாக இருப்பின், அதன் அணுக்கள் அவ்விடத்தில் எஞ்சிப் பரவி, இரண்டாம் அறுவை முதலாவதைவிடப் பெரிதாகிவிடும்.

எம்ஆர்ஐ காந்தப்புலத்தைக் கொண்டு இயங்குவது. எக்ஸ்ரே கதிர் அதில் இல்லை. கட்டி எந்த நரம்பைச் சார்ந்தது, எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பவற்றை அது காட்டும். நடுவில் கருமையும் சுற்றிலும் வெண்மையுமாக வில்வித்தை இலக்குப் பலகை போன்று தோன்றினால், தீங்கற்றதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. கட்டி பெரிதாக இருத்தல், சாய மருந்து செலுத்தியபின் விளிம்பு மட்டும் ஒளிர்தல், சுற்றுத் திசுவில் வீக்கம், கட்டிக்குள் நீர்ப்பைகள் ஆகிய நான்கும் எச்சரிக்கை அடையாளங்கள்.

இந்நான்கையும் ஜப்பானிய மருத்துவர்கள் ஆராய்ந்து 2010 இல் முடிவுகளை வெளியிட்டனர். புற்றுக் கட்டிகளில் நூற்றுக்கு 61 இல் இரண்டோ அதற்கு மேற்பட்டோ அடையாளங்கள் இருந்தன. தீங்கற்ற நியூரோஃபைப்ரோமாக்களில் நூற்றுக்கு 90 இல் அவ்வாறு இல்லை. இதன் பொருளை நாம் நிதானமாக உணர வேண்டும். அடையாளங்கள் தெரிந்தால் ஐயத்திற்கு வலுவான காரணம் உண்டு. தெரியாவிட்டால் மட்டும் புற்று இல்லை என்று உறுதிகூற இயலாது. நெடுங்காலம் இருந்த ஸ்க்வான்னோமா உள்ளே சிதைந்து, புற்றைப் போலவே தோற்றமளிப்பதும் உண்டு. இறுதி விடை திசுப் பரிசோதனையில்தான் கிடைக்கிறது. ஊசியை எப்பக்கத்திலிருந்து, கட்டியின் எப்பகுதியில் செலுத்துவது என்பதை முடிவு செய்யவும் எம்ஆர்ஐ படமே துணைநிற்கிறது.

1882 இல் ஜெர்மானிய மருத்துவர் ரெக்லிங்ஹாசன் விளக்கிய பரம்பரை நோயொன்று உண்டு. பால்காப்பி நிறத் திட்டுகளும் தோலெங்கும் சிறு கட்டிகளும் அதன் அடையாளங்கள். ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இவர்களுக்குப் புற்றாக மாறும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். பழைய கட்டி திடீரென வளர்தல், மென்மை மாறிக் கெட்டியாதல், உறக்கத்தைக் கலைக்கும் வலி, புதிதாக மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தலாகாது.

“சிறு கட்டிக்கு இத்தனை அலைச்சலா?” என்று கேட்போர் உளர். கல்வராயன் மலையிலிருந்து பேருந்து மாறி மாறி வருவோர்க்கு ஒரு நாள் கூலியும் பெரிது என்பதை அறிவோம். எல்லாக் கட்டிக்கும் எம்ஆர்ஐ வேண்டியதில்லை. தோலடியில் மெதுவாக அசையும் சிறு கட்டியை மருத்துவர் கையால் தொட்டும் அல்ட்ராசவுண்டு கொண்டும் அறியக்கூடும். ஆனால் ஆழமான கட்டி, 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி, நரம்பு வழியே வலி பரவும் கட்டி ஆகியவற்றில் படத்தைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறிப்பிட்ட பரிசோதனைகளையும் உள்ளடக்கியது. அட்டையுடன் சென்று முன்கூட்டியே விசாரியுங்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் புதுவை ஜிப்மருக்கும் செல்லச் சாலை வசதி உண்டு.

உடலில் பேஸ்மேக்கரோ வேறு உலோகக் கருவியோ இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், கருவுற்றிருந்தாலும் படம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள். அறிக்கைத் தாளோடு ஃபிலிமையும் சி.டி.யையும் பத்திரப்படுத்துங்கள், ஈராண்டுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடும்போதுதான் வளர்ச்சி தெளிவாகப் புலப்படும். கையொப்பமிடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: “இது நரம்பைச் சார்ந்ததா? அறுவைக்கு முன் திசுப் பரிசோதனை தேவையா?” இவ்வாறு கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது, நோயாளியின் உரிமையே ஆகும்.