பளு தூக்காதவருக்குத் தூள் எதற்கு?

கிறியேற்றின் என்னும் வெள்ளைத் தூள் அண்மைக் காலமாகப் புதிய வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டிருக்கிறது. முன்னர் அதன் விளம்பரங்களில் தோள் புடைத்த இளைஞர்களே நின்றனர். இப்போது நரைத்த தலைகளும் அங்கே தென்படுகின்றன. வயதோடு கரையும் தசையை மீட்டுத் தரும் என்கிறார்கள். எலும்பைக் காக்கும், மூளையைக் கூர்மையாக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். குளியலறையில் ஒருமுறை விழுந்ததோடு நடமாட்டத்தை இழந்துவிட்ட முதியவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. ஆகவே இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு என்று பார்ப்பது அவசியமாகிறது.

இறைச்சிச் சாற்றிலிருந்து இப்பொருளை 1832இல் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரோல். வாயால் உட்கொண்டால் தசையில் இதன் இருப்பை உயர்த்த முடியும் என்பதை ரொஜர் ஹரிஸும் அவருடைய சகாக்களும் 1992இல் காட்டினர். அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் வென்ற பிரித்தானிய வீரர் சிலர் இதைப் பயன்படுத்தினர் என்ற செய்தி பரவ, வணிகம் சூடு பிடித்தது. தடை செய்யப்பட்ட பொருளாக இது அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் ஏறத்தாழ ஒரு மாத காலத்துக்குள் இறந்தபோது சந்தேகம் உடனே இத்தூளின்மேல் விழுந்தது. எடைப் பிரிவுக்குள் வருவதற்காக வெப்பமான சூழலில், வியர்வையை ஆறவிடாத உடையணிந்து பயிற்சி செய்து உடல்நீரை இழந்தமையே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் சந்தேகத்துக்குக் கிடைத்த தலைப்புகள் தெளிவுக்குக் கிடைக்கவில்லை. எமது தொழிலின் பழைய நோய் இது. இப்போது அதே நோய் மறுபக்கமாகப் புரண்டு படுத்திருக்கிறது. அன்று நஞ்சு, இன்று அமுதம்.

உண்மையில் இது என்ன செய்கிறது? ஒரு பாரத்தைச் சட்டென்று தூக்குதல், கதிரையிலிருந்து எழுதல் போன்ற, சில நொடிகளில் முடியும் கடும் முயற்சிக்குத் தசைக்கு உடனடிச் சக்தி வேண்டும். அதைப் புதுப்பித்துக் கொடுப்பதில் கிறியேற்றினுக்குப் பங்குண்டு. உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராமைத் தானே ஆக்கிக்கொள்கிறது. மீனும் இறைச்சியும் உண்போருக்கு இன்னும் சிறிது சேரும். ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் ஐந்து கிராமை உணவிலிருந்தே பெறுவதாயின் சுமார் ஒரு கிலோ இறைச்சி வேண்டும். தாவர உணவில் இது இல்லையென்றே சொல்லலாம். எனவே மரக்கறி உண்போரின் தசையில் இருப்புக் குறைவு. எவராயினும், தூள் தானாகத் தசையைக் கட்டுவதில்லை. ஒன்றிரண்டு தடவை கூடுதலாகத் தூக்க வைக்கிறது. கட்டுவது அந்தக் கூடுதல் தூக்கல்தான்.

இருபத்திரண்டு ஆய்வுகளைத் திரட்டி ரோசன், வொலெக் ஆகியோர் 2003இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பளுப் பயிற்சியோடு கிறியேற்றினும் உட்கொண்டோரின் வலிமை சராசரியாக 20 வீதம் கூடியது. வெற்றுத் தூளை உட்கொண்டு பயிற்சி செய்தோருக்கு 12 வீதம். விற்பவர் இடையிலுள்ள எட்டைப் பேசுவார். எனக்கு அந்தப் பன்னிரண்டே பெரிதாகப் படுகிறது. அதற்கு எவரும் காசு கொடுக்கவில்லை.

முதியோரைப் பொறுத்தவரை, 721 பேரை உள்ளடக்கிய ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2017இல் வெளிவந்தது. பயிற்சியோடு தூளையும் எடுத்தோருக்குக் கொழுப்பல்லாத உடற்திணிவு மற்றவர்களைவிட 1.37 கிலோ கூடியது. நல்ல செய்திதான். ஆனால் கிறியேற்றின் தசைக்குள் நீரையும் இழுத்து வைக்கும் என்பதை மறக்கக்கூடாது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்கு முந்திய முதல் வாரத்திலேயே தூள் எடுத்தோருக்கு அரைக் கிலோ கூடிவிட்டது. அதன்பின் பன்னிரண்டு வாரப் பயிற்சியில் இரு சாராரும் ஏறத்தாழ இரண்டு கிலோ வீதம் சமமாகவே பெற்றனர்.

எலும்பின் கதை இன்னும் படிப்பினை தருவது. கனடாவில் 47 பெண்களுடன் தொடங்கி 2015இல் வெளியான ஆய்வு, தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் தேய்வு குறைந்ததாகக் கூறி நம்பிக்கை அளித்தது. அதே ஆய்வாளர் குழு 237 பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டது. எலும்பின் அடர்த்தியில் பயன் காணப்படவில்லை. மூளை பற்றியவை இப்போதைக்குச் சிறிய ஆய்வுகளே.

சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிறியேற்றின் உடலில் சிதைந்து கிறியேற்றினின் ஆகிறது. நமது வைத்தியசாலைகளில் சிறுநீரகத்தை அளக்கப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை இதுவே. தூள் எடுப்பவருக்குச் சிறுநீரகம் கெடாமலே அந்த எண் சற்று உயரக்கூடும். வைத்தியரிடம் சொல்லாவிட்டால் வீண் கலக்கம். நலமாக உள்ளோருக்கு வழக்கமான அளவில் தீங்கு காணப்படவில்லை. ஆனால் அநுராதபுரம், பொலநறுவை மாவட்டங்களில் 1990களிலிருந்து காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் நாட்டில், பரிசோதிக்காமல் எவரும் தம்மை நலமானவர் என்று எண்ணிக்கொள்ளக்கூடாது.

என்னைப் பெரிதும் யோசிக்க வைத்தது கிறியேற்றின் ஆய்வே அன்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகர முதியோர் இல்லமொன்றில் சராசரியாக 87 வயதுடைய, உடல் தளர்ந்த நூறு பேரை மரியா பியாற்றரோனும் குழுவினரும் நான்காகப் பிரித்தனர். சிலருக்குப் பளுப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரங்களில் பயிற்சி செய்தோரின் தசை வலிமை 113 வீதம் கூடியது. செய்யாதோருக்கு 3 வீதம். சத்துப் பானம் எதையும் மாற்றவில்லை. 1994இல் வெளியான முடிவு இது.

நாமோ நோயாளியைப் பார்க்கப் போனாலும் முதியவரைப் பார்க்கப் போனாலும் சத்துமாப் பேணியோடு போகிறவர்கள். கூடவே, அவர்கள் கையிலுள்ள வாளியையும் பையையும் வாங்கிக்கொள்வதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். "நீங்கள் இருங்கோ அம்மா, நான் தூக்கிறன்." துலாவில் தண்ணீர் அள்ளிய தோள்கள் அவை. மோட்டார் வந்தது, தோளுக்கு வேலை போயிற்று. மிச்சத்தை எங்கள் அன்பு பறித்துக்கொண்டது.

பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் முதியோர் இல்லங்களில் சாப்பாடு கொடுக்கும் அன்பர்கள், அடுத்த முறை இரண்டு கிலோ டம்பெல் சில சோடிகளையும், கிழமைக்கு இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுக்கும் இயன்மருத்துவர் ஒருவருக்கான கொடுப்பனவையும் சேர்த்துக்கொள்ளலாம். பொஸ்ரனில் அதே குழு 1990இல் வெளியிட்ட முந்திய ஆய்வில், சராசரியாகத் தொண்ணூறு வயதுடைய ஒன்பது பேர் எட்டு வாரப் பயிற்சியை முடித்தனர். அவர்களுள் இருவர் ஊன்றுகோலை வைத்துவிட்டு நடந்தனர்.