தலைவிதி அல்ல, கணக்கு!

வங்கி ஒன்று வீழ்கிறது. அதனிடமிருந்து பணம் வரவேண்டிய வணிகர் வீழ்கிறார். அவரிடம் கூலி பெறவேண்டிய தொழிலாளி தெருவில் நிற்கிறார். "என்ன செய்வது, காலக்கோளாறு!" என்று கைவிரிக்கின்றனர் கனவான்கள். கோளும் இல்லை, கோளாறும் இல்லை. யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று மனிதர் எழுதிவைத்த ஏற்பாடு அது என்கிறோம் நாம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நெசவாளர் நூல் வணிகருக்கு 100 ரூபாய் தரவேண்டும். நூல் வணிகர் சாயக்காரருக்கு 100. சாயக்காரர் நெசவாளருக்கு 100. மூவர் கையிலும் காசில்லை. வழக்காடினால் மூவரும் அழிவர். ஒன்றாக அமர்ந்து கணக்கை நேர்செய்தால், ஒரு காசும் கைமாறாமல் மூன்று கடனும் தீரும். மேற்கு ஐரோப்பிய நாடுகள் 1950-இல் கொடுப்பனவு ஒன்றியம் அமைத்து, வரவையும் பற்றையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டி, எஞ்சியதை மட்டும் 1958 வரை தீர்த்துவந்தன அல்லவா?

ஈடுகட்டிய பின்னும் ஒருவரிடம் பற்றாக்குறை இருந்தால்? கடன் 120, கையிருப்பு 60. ஒருவருக்கு 80-உம் மற்றவருக்கு 40-உம் தரவேண்டும் எனில், முதல்வருக்கு 40, அடுத்தவருக்கு 20. இதுவே விகித நீதி! பின்னிக்கிடக்கும் கடன் வலை முழுவதற்கும் இந்த நீதிப்படி தீர்வு காண முடியும் என்று 2001-இல் ஐசன்பெர்க், நோ எனும் இரு அறிஞர்கள் கணிதத்தால் மெய்ப்பித்தனர்.

ஆனால் 2008-இல் அமெரிக்காவில் நடந்தது என்ன? ஏ.ஐ.ஜி. எனும் காப்பீட்டு நிறுவனம் தள்ளாடிற்று. செப்டம்பரில் 8,500 கோடி டாலர் கடனுதவியோடு ஓடிவந்தது அந்நாட்டின் மைய வங்கி. அந்நிறுவனத்திடம் ஈட்டுறுதி பெற்றிருந்த பெருவங்கிகளின் ஏறத்தாழ 6,200 கோடி டாலர் ஒப்பந்தங்கள், டாலருக்கு டாலர், குறைவின்றித் தீர்க்கப்பட்டன. அதே செப்டம்பரில் திவாலான லேமன் பிரதர்ஸ் நிறுவனத்துக்குக் கடன் தந்தோரோ, குறைந்த பங்குக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தனர்!

"அச்சம் பரவாமல் தடுத்தோம், தந்த பணம் 2012-க்குள் ஆதாயத்தோடு திரும்பிற்றே!" என்பர். திரும்பிற்று, மறுக்கவில்லை. நெருப்பை அணைத்ததையும் குறைகூறவில்லை. ஆயின், நெருப்போடு விளையாடியவர் ஒரு விரலும் சுடாமல் வீடுபோய்ச் சேர, ஆபத்து முழுவதையும் மக்கள் பணம் சுமந்ததே, அது எந்த ஊர் நீதி?

நம் நாட்டுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டப்படி, நொடித்த நிறுவனத்தின் கதியை முடிவுசெய்யும் குழுவில் வழக்கமாக வாக்கு உண்டு, பணம் கொடுத்த வங்கிக்கு. வாக்கு இல்லை, சரக்குக் கொடுத்த சிறுதொழிலுக்கு! சரக்கு மட்டும் வியர்வையின்றி விளைந்ததா? சிறுதொழில் முறிந்தால், அதை நம்பிய பத்துக் குடும்பத்தின் அடுப்பு அணையாதா?

நாம் கேட்பது சலுகை அன்று. ஈடுகட்டித் தீருங்கள், குறையை விகிதப்படி பகிருங்கள், கணக்கை எல்லோர் கண்முன்னும் வையுங்கள், சிறியவருக்கும் வாக்குத் தாருங்கள்!

தலையில் எழுதியதென்று சொன்னதையே நம்ப மறுத்தவர்கள் நாம். தாளில் எழுதியதைக் கண்டா தலைவணங்குவோம்? எழுதியது மனிதர் கை. திருத்தப்போவதும் மனிதர் கையே!